ஒற்றைப்படை நாட்கள்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
முருகேஷ்பாளையா வீட்டின் முதல் நிபந்தனை.
'மொளெ ஹொடீபேடி' என்றார் கெம்பண்ணா
பத்து மாத முன்பணத்தை எண்ணிக்கொண்டே.
ஆணிக்கு அவர் மொழியில் மொளெ.
என் காதில் அது முளை என்றே விழுந்தது.
முளைக்கக் கூடாது.
சரி என்றேன்.

காலண்டர் கட்டிலடியில் கிடந்தது.
கண்ணாடி ஜன்னல் கம்பியில் சாய்ந்து
நெற்றியை மட்டும் காட்டியது.

அந்த மாதம்தான் எஸ்.பி. ரோட்டில்
ஏதோ கம்பெனி கழித்துக்கட்டிய லேப்டாப்பை
ஒன்பதாயிரத்துக்கு வாங்கினோம், ஆளுக்குப் பாதி.
முதுகில் ஸ்டிக்கர் உரித்த பசை.
விண்டோஸ் அதில் மூச்சிரைத்தது.
லினக்ஸ் போட்டேன்.
சின்ன எலிப்படத்தோடு எழுந்தது எக்ஸ்எஃப்சிஇ.

ஒரு பெட்டியில் இரண்டு குடித்தனம்.
ஐசியு டியூப்லைட்டிலிருந்து விடிந்து வரும் ஜெசிந்தாவுக்கு
எல்லாம் கறுப்பு வேண்டும், எழுத்து பெரிதாக வேண்டும்,
பேனல் கீழே, கால்மாட்டில் வைத்த செருப்பு போல.
நானோ அதைப் பிடித்து இழுத்து
இடது ஓரம் பீரோவாக நிறுத்தினேன்.
யாரையும் கேட்கவில்லை.
தலைப்புப் பட்டையை இரண்டு பிக்சல் மெலிதாக்க
ஒரு ஞாயிறு போனது.
துணி ஊறிக்கொண்டே இருந்தது பக்கெட்டில்.

ஒருநாள் பேனலையே அழித்துவிட்டேன்.
மெனு இல்லை, மணி இல்லை,
வெறுந்தரையில் ஓர் அம்பு மட்டும்.
டெர்மினலைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதும்
எங்கேயும் போகாதது போல் வந்து நின்றது.

அதற்கப்புறம் தைரியம் வந்து
ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன்.
ஒன்றுவிட்டொரு நாள் குழாயில் காவேரி.
வருடத்தின் எத்தனையாவது நாள் என்று பார்,
இரண்டால் வகு, மீதி ஒன்றென்றால் இன்று.
இல்லையென்றால் நாளை.
எங்கள் இரு பேனலிலும் அது தெரியும்படி
பொது இடத்தில் வைத்தேன்,
எழுதும் உரிமை இருவருக்கும்.

மூன்றாம் வாரம்
'காவேரி நாளை'க்குக் கீழே
இன்னொரு வரி முளைத்திருந்தது:
டப்பாவில் இடியாப்பம்.
மறுநாள் நான் எழுதினேன்: கேஸ் தீரப்போகிறது.
அவள்: நீ தூக்கத்தில் கன்னடம் பேசுகிறாய்.
நேரில் பார்த்துக்கொண்டது
வாசலில், சாவி கைமாறும் நேரம் மட்டும்.

ஜனவரி ஒன்றாம் தேதி ஸ்கிரிப்ட் பொய் சொன்னது.
முந்நூற்று அறுபத்தைந்தும் ஒற்றை, ஒன்றும் ஒற்றை.
விடிகாலை குழாயடியில் குடத்தோடு நின்றவள் அவள்.
அன்று பேனலில் வந்த வரியை
இங்கே எழுத முடியாது.

காலி செய்த அன்று
கெம்பண்ணா சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.
ஓர் ஓட்டை கிடையாது.
ஆனாலும் பெயின்ட் என்று ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் அடித்த ஆணியெல்லாம்
பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த கோப்புறையில் இருந்தது.
ககரத்தின் தலையில் புள்ளி வைத்தால்
அகரம் ஒதுங்கிக்கொள்ளும்.
இங்கே புள்ளி வைத்தால்
மொத்தமுமே ஒதுங்கிக்கொள்ளும், போய்விடாது.
பென்டிரைவில் அவளுக்கொரு பிரதி,
எனக்கொன்று.

கம்மனஹள்ளியில் எனக்கு போர்வெல்.
தினமும் வரும், உப்பு.
இடது ஓரத்தில் இன்னமும் 'காவேரி நாளை'.
நேற்று மஸ்கட்டிலிருந்து ஒரு படம் அனுப்பினாள்.
புது லேப்டாப், அதே கறுப்பு, கால்மாட்டில் பேனல்,
மூலையில் அதே வரி.

இரவு பன்னிரண்டு தாண்டி
எனக்கு 'இன்று' என்று மாறியது.
அவளுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்
நாளைதான்.